தாமதம் விருந்தாகுமா?

"தவிர்க்க முடியாத காரணங்களால் விமானம் தாமதமாகப் புறப்படும்." இந்த ஓர் அறிவிப்பு போதும், ஒரு கூட்டமே முகம் சுருங்கிப்போகும். எந்த நாட்டு விமான நிலையமாக இருந்தாலும் அதற்குப் பிறகு நடப்பது ஒன்றுதான். முதுகைச் சாய்க்க முடியாத நாற்காலி, ஆறிப்போன ரொட்டி, பதில் சொல்ல ஆளில்லாத கவுன்டர். அரை மணி, இன்னும் அரை மணி என்று நீண்டுகொண்டே போகும் காத்திருப்பு.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், அங்கே வலிப்பது நேரம் போவது மட்டுமல்ல. வீட்டில் யாருக்கோ மகனாக, அலுவலகத்தில் யாருக்கோ மேலாளராக இருந்தவர், அந்த நிமிடத்திலிருந்து வெறும் இருக்கை எண்ணாகிவிடுகிறார். யாருக்கும் வேண்டாத சுமையாகிவிடுகிறார். அதுதான் அதிகம் வலிக்கிறது. அப்படியானால் ஒரு தாமதம் கொடுமையாகப் போகுமா, வாழ்நாள் முழுவதும் நினைத்துப் பார்க்கும் இனிய தங்கலாக மாறுமா என்பது, மாட்டிக்கொண்ட இடத்தில் இருப்பவர்கள் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. இதற்கு ஓர் ஊரே சாட்சி. கனடாவின் கிழக்கு ஓரத்தில், நியூஃபவுண்ட்லாந்து தீவில் இருக்கும் காண்டர்.

காண்டர் பிறந்ததே விமானங்களால்தான். 1938-ல் அங்கே முதல் விமானம் இறங்கியது. அந்தக் காலத்து விமானங்களால் அட்லாண்டிக் கடலை ஒரே மூச்சில் சுலபமாகத் தாண்ட முடியாது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கித்தான் போக வேண்டும். ஊர்த் தெருக்களுக்குக்கூட விமானிகளின் பெயர்கள்தான்! 1959-ல் எலிசபெத் ராணி வந்து புதிய பன்னாட்டுப் பயணியர் கூடத்தைத் திறந்து வைத்தார். ஆனால் ஜெட் விமானங்கள் வந்தபின் காண்டரில் இறங்க வேண்டிய தேவையே குறைந்துபோனது. நீளமான ஓடுபாதை மட்டும் அப்படியே இருந்தது.

2001 செப்டம்பர் 11. நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் தாக்குதல் நடந்தவுடன் அமெரிக்கா தன் வான்வெளியை மூடியது. அட்லாண்டிக்கின் மேல் வந்துகொண்டிருந்த விமானங்களில் பாதி தூரத்தைத் தாண்டியவை பலவற்றுக்குத் திரும்பிப் போக வழியில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட விமானங்களைக் கனடா ஏற்றுக்கொண்டது. அவற்றில் 38 பயணிகள் விமானங்கள் காண்டரில் இறங்கின. வந்தவர்கள் ஏறக்குறைய 6,600 பேர். ஊரின் மக்கள்தொகையோ பத்தாயிரத்துக்கும் குறைவு. மூன்று பேர் இருக்கும் வீட்டுக்கு இரண்டு விருந்தாளிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றது போன்ற கணக்கு!

சோதனைகள் முடியும்வரை யாரும் விமானத்தைவிட்டு இறங்க முடியவில்லை. சிலர் ஒரு நாளுக்கும் மேலாக உள்ளேயே இருந்தார்கள். பெட்டிகளையும் தரவில்லை. உடுத்திய துணியும் கைப்பையும்தான் மிச்சம். இதைவிட மோசமான தாமதம் வேறென்ன இருக்க முடியும்?

ஊர் என்ன செய்தது என்பதைப் பாருங்கள். பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். போராட்டத்தை ஓரம் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்கள். விடுதி அறைகள் விமானிகளுக்கும் பணியாளர்களுக்கும் போயின. அவர்கள் ஓய்வெடுத்தால்தானே திரும்பவும் ஓட்ட முடியும்? பயணிகளுக்குப் பள்ளிகளும் தேவாலயங்களும் சங்கக் கட்டடங்களும் திறந்தன. காம்போ, ஆப்பிள்டன், லூயிஸ்போர்ட் போன்ற சுற்றுவட்டார ஊர்களும் பங்கு போட்டுக்கொண்டன. வீடு வீடாகச் சமைத்த சாப்பாடு குவிந்தது. பனிச்சறுக்கு ஹாக்கி அரங்கமே ஒரு பெரிய குளிர்பதனப் பெட்டியானது! மருந்துப் பெட்டி விமானத்திலேயே மாட்டிக்கொண்டவர்களுக்காக, மருந்துக் கடைக்காரர்கள் வெளிநாட்டு மருத்துவர்களைத் தொலைபேசியில் பிடித்து, விவரம் கேட்டு, காசு வாங்காமல் மருந்து கொடுத்தார்கள். விமானங்களின் அடிவயிற்றில் நாய்களும் பூனைகளும் ஒரு மிருகக்காட்சிசாலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பொனோபோ மனிதக் குரங்குகளும் இருந்தன. அவற்றுக்கும் தண்ணீர் காட்ட ஆள் போனது.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பார்கள். வான்வெளி திறந்து கடைசி விமானங்கள் கிளம்பும்போது சிலருக்கு ஐந்தாம் நாளும் ஆகிவிட்டது. ஊர் முகம் சுளிக்கவில்லை. குளிக்க வாருங்கள் என்று முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்கு அழைத்தார்கள். ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். ரம் குடித்து ஒரு மீனை முத்தமிட்டால் வெளியூர்க்காரரும் நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஆகிவிடுவார் என்பது அங்கே ஒரு வேடிக்கைச் சடங்கு. அதையும் நடத்தினார்கள். காம்போவில் தங்கியிருந்த ஓர் ஆங்கிலேயரும் ஒரு டெக்சாஸ் பெண்மணியும் பழகி, அடுத்த ஆண்டே திருமணம் செய்துகொண்டு, தேனிலவுக்கு அதே தீவுக்குத் திரும்பி வந்தார்கள்.

இதை இனிப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. அந்த நாட்களில் நியூயார்க்கில் தீயணைப்பு வீரராக இருந்த மகனைப் பற்றிய செய்திக்காகத் தொலைபேசியருகே காத்திருந்த தாய் ஒருவரும் அங்கே இருந்தார். அவருடைய மகன் திரும்பவில்லை. அவரோடு கூடவே உட்கார்ந்திருந்தது ஊர்ப் பெண்மணி ஒருவர். வானத்திலிருந்து வரும் துயரம் அந்த ஊருக்குப் புதிதும் அல்ல. 1985 டிசம்பரில் காண்டரில் புறப்பட்டவுடன் விழுந்த விமானத்தில் 248 அமெரிக்கப் படைவீரர்களும் 8 விமானப் பணியாளர்களும் இறந்தார்கள். காண்டர் யாருடைய துக்கத்தையும் அழித்துவிடவில்லை. தனியாகத் துக்கப்பட விடவில்லை, அவ்வளவே.

"சின்ன ஊர், நல்ல மனசு. பெரிய நகரத்தில் இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாப் புகழையும் நல்ல மனசுக்கே கொடுத்துவிட்டால், மற்றவர்கள் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லாமல் போய்விடும். காண்டரில் மனசோடு திட்டமும் இருந்தது. நகராட்சி நெருக்கடி நிலையை அறிவித்தது. யார் எந்தப் பள்ளிக்கு, எந்தப் பொருள் எந்தக் கூடத்துக்கு என்று செஞ்சிலுவைச் சங்கமும் சால்வேஷன் ஆர்மியும் ஊர்ச் சங்கங்களும் வேலையைப் பிரித்துக்கொண்டன. தொலைபேசி நிறுவனம் வெளியே மேசை போட்டு வரிசையாகத் தொலைபேசிகளை வைத்தது, வீட்டுக்குப் பேசிக்கொள்ளுங்கள் என்று. தொலைக்காட்சிப் பெட்டிகள் வந்தன. யாரிடமிருந்தும் செய்தி மறைக்கப்படவில்லை.

இதில் கோடிக்கணக்கில் செலவாகும் காரியம் எது? நடப்பதை உள்ளபடி சொல்வது, வீட்டோடு பேச வழி செய்வது, சின்னத் தேவைகளைக் கேட்காமலே கவனிப்பது, பூட்டிய கதவைத் திறந்து "ஊரைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்பது... நாலே காரியங்கள்தான். எந்தப் பெரிய விமான நிலையமும் நினைத்தால் முதல் மூன்றை இன்றே செய்யலாம். நான்காவதற்கு விசா, பாதுகாப்பு என்று தடைகள் உண்டு. ஆனால் 2001 செப்டம்பரைவிடப் பாதுகாப்பு பயம் அதிகமாக இருந்த நாள் எது?

சட்டம் இருக்கிறதே என்பார்கள் சிலர். இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 2005-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, நெடுநேரம் தாமதமானால் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் விடுதியும், இலவசமாக இரண்டு தொலைபேசி அழைப்புகளும் தரவேண்டும் என்றது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பிய வானத்தை மூடியபோது ஏறக்குறைய ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. இயற்கைச் சீற்றம் என்றாலும் பயணியைக் கவனிக்கும் கடமை தீராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-ல் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. அது இல்லாவிட்டால் பயணி நடுத்தெருவில்தான். ஆனால் சட்டத்தால் கூப்பனைத்தான் வாங்கித் தர முடியும். அதைக் கொடுப்பவர் நிமிர்ந்து முகம் பார்க்க வேண்டும் என்று எந்த விதியிலும் எழுத முடியாது. இரண்டு அழைப்புகள் என்று எண்ணிக் கொடுப்பதற்கும், மேசை நிறையத் தொலைபேசியை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதற்கும் உள்ள தூரம் அது.

காண்டர் மக்கள் கூலி கேட்கவில்லை, கொடுத்தாலும் வாங்கவில்லை. அதனாலேயே போலும், கைம்மாறு வேறு வழியில் வந்தது. லூயிஸ்போர்ட்டில் தங்கியிருந்த விமானத்தின் பயணிகள், ஊர் திரும்பும் வழியில் வானத்திலேயே ஒரு நிதியைத் தொடங்கினார்கள், அந்த ஊர்ப் பிள்ளைகளின் கல்லூரிப் படிப்புக்காக. அது பல ஆண்டுகளுக்கு உதவித்தொகையாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஐந்து நாட்களின் கதை 'கம் ஃப்ரம் அவே' என்ற இசை நாடகமாகி 2017-ல் பிராட்வே மேடையும் ஏறியது.

ஒவ்வொரு தாமதத்திலும் ஊரே திரண்டு வந்து சமைத்துப் போட வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கவுன்டரில் நிற்கும் ஓர் ஊழியர் "எனக்குத் தெரியாது" என்பதற்குப் பதிலாக "விசாரித்துச் சொல்கிறேன், அதுவரை உட்காருங்கள்" என்றாலே காண்டரின் பாதி வந்துவிடும். பக்கத்து நாற்காலியில் அழும் குழந்தையோடு தவிக்கும் தாய்க்கு ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் கொடுக்க, எந்த விமான நிறுவனத்தின் அனுமதியும் சக பயணிக்குத் தேவையில்லை. அந்த மீதிப் பாதி அதில்தான் இருக்கிறது.