வெற்றுத் துப்பாக்கி என்று ஒன்று இல்லை

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் கிடைக்காத பழம்பொருள் குறைவு. 1568ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஆலயத்துக்குப் போகும் வழியெங்கும் கடைகள். பித்தளை உருளி, சீன ஜாடி, செதுக்கிய மரத்தூண், கப்பல் விளக்கு. இவற்றுக்கு நடுவே எப்போதாவது சுவரில் ஒரு பழைய துப்பாக்கியும் தொங்கும். மதுரையிலிருந்தோ மும்பையிலிருந்தோ வந்த பயணி அதைக் கண்டதும் என்ன செய்வார் என்று ஊகிப்பது கடினமல்ல. இறக்கித் தரச் சொல்வார். கைக்கு வந்ததும் ஒரு கண்ணை மூடுவார். மச்சானைக் குறி பார்ப்பார். விசையை இழுப்பார். கேமரா 'கிளிக்' செய்யும், எல்லோரும் சிரிப்பார்கள்.

சிரிக்கும் விஷயமல்ல இது. பழைய நாட்டுத் துப்பாக்கியில் மருந்தும் குண்டும் குழல் வாய் வழியாகத்தான் போகும். கெட்டித்த பிறகு வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. திறந்து பார்க்க வழியில்லை. வேட்டைக்குப் போய் சுடாமலே திரும்பிய யாரோ ஒருவர் மருந்தோடு அப்படியே பரணில் போட்டிருக்கலாம். தாத்தா போனார், வீடு விற்றது, துப்பாக்கி கடைக்கு வந்தது. மருந்து மட்டும் உள்ளேயே இருக்கும். ஈரம் படாத கரிமருந்துக்கு வயதாவதில்லை. 2008ல் அமெரிக்காவின் விர்ஜீனியாவில் உள்நாட்டுப் போர்க் காலத்துப் பீரங்கிக் குண்டு ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்த சேகரிப்பாளர், அது வெடித்து இறந்துபோனார். போர் முடிந்து 140 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது.

நாட்டுத் துப்பாக்கியைச் சோதிக்க எளிய முறை உண்டு. மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் அடிவரை விட்டு, குழல் வாய் மட்டத்தில் அடையாளம் போட வேண்டும். பிறகு அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து அளக்க வேண்டும். குச்சியின் நுனி, தீ உள்ளே போகும் துளை வரை எட்டினால் குழல் காலி. சில விரற்கடை முன்பே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. துருவோ, துணியோ, மருந்தோ; அதைத் தோண்டிப் பார்ப்பது வாடிக்கையாளரின் வேலையல்ல, கடைக்காரரின் வேலையும் அல்ல. விவரம் தெரிந்த துப்பாக்கிக் கம்மியரின் வேலை. சோதிக்கும்போதும் குழல் வாய்க்கு நேராக முகமோ உள்ளங்கையோ இருக்கக் கூடாது.

சட்டமும் பழசு என்ற ஒரே காரணத்துக்காக விலக்கு தருவதில்லை. 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45வது பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். ஆகவே வாங்க நினைப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. இது சுடுமா, சுடாதா என்பதுதான்.

லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரின் கடை வேறு உலகம். அங்கே போகிறவர்கள் குறைவு. தோட்டக்காரர், வங்கிக் காவலர், துப்பாக்கி சுடும் போட்டிக்காரர். கேரளத்தில் பயிரை அழிக்கும் காட்டுப் பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரம் 2022ல் உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிறகு, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்காரர்களுக்கு மவுசு கூடியிருக்கிறது. கடையில் காகிதங்களைச் சரிபார்ப்பார்கள். கை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை. அது மரியாதை சம்பந்தப்பட்டது. இந்த மரியாதையில் தவறினால் போவது மானம் மட்டுமல்ல.

முதல் மரியாதை, கேட்காமல் தொடாதிருப்பது. மேசைமேல் கிடந்தாலும் கண்ணாடிப் பெட்டி திறந்திருந்தாலும் கடைக்காரர்தான் எடுத்துத் தர வேண்டும். அவர் துப்பாக்கியைத் திறந்து, தோட்டா இருக்கும் அறை காலி என்று காட்டிய பிறகே நீட்டுவார். வாங்குபவர் தாமும் ஒருமுறை பார்க்க வேண்டும். கடைக்காரர் இப்போதுதானே பார்த்தார், மறுபடி பார்த்தால் சந்தேகப்படுவதாக நினைப்பாரோ என்ற கூச்சம் வேண்டாம். உண்மையான துப்பாக்கி வியாபாரி இதனால் கோபப்படுவதில்லை; பார்க்காதவரைக் கண்டால்தான் அவருக்கு வயிற்றைக் கலக்கும். கைத்துப்பாக்கியில் முதலில் தோட்டா உறையை உருவ வேண்டும், பிறகு அறையைப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் அறைக்குள் புதிய தோட்டா ஏறிவிடும்.

அடுத்தது குழல் வாய். அது பணியாளரையோ, பக்கத்தில் நிற்பவரையோ, தெருவையோ பார்க்கக் கூடாது. கடைக்காரரிடம் 'எந்தப் பக்கம் நீட்டலாம்?' என்று கேட்டுவிடுவது உத்தமம். தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி வழியே எதிர்க்கடைப் பலகையைப் படித்துப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தப் பலகைக்குக் கீழே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். விரலுக்கும் ஓர் இடம் உண்டு: விசைக்கு மேலே, துப்பாக்கியின் உடலோடு ஒட்டி. விசை எத்தனை இலகு என்று இழுத்துப் பார்க்க ஆசைப்பட்டால் அனுமதி கேட்க வேண்டும். திருப்பித் தரும்போது திறந்த நிலையில் தர வேண்டும். இரட்டைக் குழலைச் சினிமாவில் போல 'படார்' என்று மூடுவது அதன் இணைப்பைக் கெடுக்கும். விரல் பட்ட இரும்பை எண்ணெய்த் துணியால் துடைப்பதும் மரியாதையே. கொச்சியின் உப்புக் காற்றில் வியர்வைக் கறை துருவாக அதிக நாள் ஆகாது.

சொந்தத் துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கொண்டு போகிறவர் வீட்டிலேயே தோட்டாவை எடுத்துவிட வேண்டும். தோட்டாக்கள் தனிப் பையில். பொது இடத்தில் துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும் என்று 2016ம் ஆண்டு ஆயுத விதிகளே சொல்கின்றன. கடைக்குள் நுழைந்ததும் விஷயத்தைச் சொல்லி, உறையை மேசைமேல் வைத்து, அவர் திறக்கச் சொன்ன பிறகு திறந்தால் போதும்.

இவையெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்று அனுபவசாலிகள் நினைக்கலாம். விபத்துகள் அப்படி நினைப்பதில்லை. 2021ல் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் நடிகர் அலெக் பால்ட்வின் கையில் இருந்த துப்பாக்கி ஆபத்தில்லாதது என்று அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. அதிலிருந்து பாய்ந்த குண்டில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார். 2024 அக்டோபரில் மும்பையில் நடிகர் கோவிந்தாவின் காலில் பாய்ந்தது அவருடைய லைசென்ஸ் துப்பாக்கியின் குண்டுதான். ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் நடந்தது அது.

கொச்சிக்கு இன்னும் நெருக்கமான பாடம் 2025 மார்ச்சில் கிடைத்தது. எர்ணாகுளம் ஆயுதப்படை முகாமில், இறுதி மரியாதைக்காகச் சுட வேண்டிய வெற்றுத் தோட்டாக்களில் ஈரம். வெயிலில் உலர்த்த நேரமில்லை. சமையலறை வாணலியில் போட்டுச் சூடாக்கினார்கள். வெடித்தது. நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை. குண்டு இல்லாத தோட்டாவிலும் மருந்து இருக்கிறது என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாத விஷயமல்ல. தெரிந்ததை அவசரம் மறக்கடித்தது.

குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது கடைசி விதி. 2022 செப்டம்பரில் ஃபோர்ட் கொச்சிக்கு அருகே கடலில் படகில் இருந்த மீனவர் ஒருவரின் காதில் குண்டு பாய்ந்தது. அருகில் கடற்படையின் துப்பாக்கிப் பயிற்சி மையமான ஐ.என்.எஸ். துரோணாச்சார்யா இருப்பதால் போலீஸ் விசாரணை அந்தத் திசையிலும் திரும்பியது. குண்டு எங்கிருந்து வந்திருந்தாலும், சுட்டவருக்கு அந்தப் படகு தெரிந்திருக்காது. மிகச் சிறிய .22 தோட்டாவின் குண்டே ஒரு மைலுக்கு மேல் போகக் கூடியது. கடையின் செங்கல் சுவரையும் கண்ணாடிக் கதவையும் இந்தக் கணக்கோடு பார்ப்பது நல்லது.

2019ம் ஆண்டுத் திருத்தம், கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. புதிதாக லைசென்ஸ் கேட்பவருக்கு 2016 விதிகள் பாதுகாப்புப் பயிற்சியும் கேட்கின்றன. யூதத் தெருவில் சுவரைக் காட்டி 'அதை இறக்குங்கள்' என்பவருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. அவருக்கு ஒரு பழக்கம் போதும்: கையில் வாங்குமுன் 'இதைச் சோதித்தீர்களா?' என்று கேட்பது. கடைக்காரர் தயங்கினால், துப்பாக்கி சுவரிலேயே இருக்கட்டும். மச்சானை உருளியோடு நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளலாம்.