சைனிடம் புது எண்ணைக் கொடுக்கும்போது



சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் சிலருக்கு ஓவர்லோடிங் என்றாலே ஒவ்வாமை. "ஒரே பெயருக்குப் பல அர்த்தம், குழப்பம்தான் மிச்சம் சார்" என்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. பின்னங்களையும் அணிகளையும் ஒரே கூட்டல் குறியை வைத்துத்தானே கூட்டினீர்கள்? (பின்னத்தில் உங்களுக்கு வந்த குழப்பம் வேறு ரகம்!) குழப்பம் பெயரில் இல்லை. புது எண்ணின் பாதியைச் சத்தமில்லாமல் தொலைப்பதில்தான் இருக்கிறது.

1873-இல் கிளிஃபர்டு என்ற ஆங்கிலேயக் கணித மேதை ஒரு வகை எண்ணைக் கொண்டுவந்தார். டூயல் எண் என்பார்கள். அதில் எப்சிலான் என்று ஒன்று உண்டு. அது பூஜ்யம் இல்லை, ஆனால் அதன் வர்க்கம் பூஜ்யம். (3 + எப்சிலான்) என்பதை வர்க்கப்படுத்துங்கள்: 9 + 6 எப்சிலான். எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு 3-இல் எவ்வளவு? அதே 6! எல்லை மதிப்பு எதுவும் எடுக்காமலே விடை வந்துவிட்டது. சைனுக்கும் இப்படி எழுதலாம்: முதல் பகுதி சைன், எப்சிலானின் கெழு காஸ்.

கம்ப்யூட்டர் பக்கம் போகாத உறவினர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

இந்த எண்ணுக்குப் பைத்தானில் ஒரு கிளாஸ் எழுதுகிறீர்கள். கூட்டல், பெருக்கல், ஏபிஎஸ், ரவுண்ட் எல்லாமே "உனக்கு எப்படிச் செய்ய வேண்டும்?" என்று உங்கள் கிளாஸைக் கேட்டுவிட்டுத்தான் செய்யும். மேத் மாட்யூலில் உள்ள சைன் அப்படிக் கேட்காது. "ஃப்ளோட்டாக மாறுவாயா?" என்று மட்டும் கேட்கும். வசதிக்காக நீங்கள் ஒரு ஃப்ளோட் மெத்தட் எழுதி வைத்திருந்தால், எப்சிலான் பகுதியை உதறிவிட்டு வெறும் சைன் 3-ஐக் கொடுத்துவிடும். எரர் வராது. எக்ஸ் சைன் எக்ஸ் போட்டுப் பார்த்தால் மதிப்பு 0.42 என்று சரியாகவே வரும். வகைக்கெழு மட்டும் 0.14 என்று நிற்கும். பெருக்கல் விதிப்படி போட்டுப் பாருங்கள், −2.83 வர வேண்டும் (கோணம் ரேடியனில்). குறியே தலைகீழ்! மதிப்பு சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது என்பதுதான் இதில் ஆபத்து.

டெசிமல் கிளாஸுக்கும் இதே கதி. மேத் மாட்யூலின் ஸ்கொயர் ரூட்டிடம் டெசிமல் 2-ஐக் கொடுத்தால் சாதாரண ஃப்ளோட்தான் திரும்பி வரும். டெசிமலின் சொந்த ஸ்கொயர் ரூட்டோ, மாற்றாமல் விட்டால், 28 இலக்கம் தரும்.

சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் தொல்லை குறைவு. உங்கள் டைப் இருக்கும் நேம்ஸ்பேஸிலேயே சைனையும் எழுதினால் கம்பைலர் தேடி எடுத்துக்கொள்ளும். எஸ்டிடிக்குள் மட்டும் திணிக்காதீர்கள்.

ஆகவே என் கட்சி இதுதான்: இத்தகைய எண்ணுக்கு ஃப்ளோட் மெத்தடே வைக்காதீர்கள். பைத்தானில் கலப்பெண்ணை ஃப்ளோட்டாக்கச் சொன்னால் மறுத்துவிடும். மெய்ப்பகுதி வேண்டுமென்றால் ரியல் என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். சைன், காஸ், லாக் எல்லாவற்றையும் சொந்தமாக எழுதுங்கள், நாலு வரிதான் ஆகும். எழுதாத ஒன்றைக் கூப்பிட்டால் எரர் வரட்டும், நல்லதுதான்.

ஏற்கெனவே கிளாஸ் எழுதி வைத்திருப்பவர்கள் இன்றே எக்ஸ் சைன் எக்ஸை 3-இல் ஓட்டிப் பாருங்கள். மைனஸ் வரவில்லை என்றால் உள்ளே எங்கோ ஒரு ஃப்ளோட் ஒளிந்திருக்கிறது.