நம் குடும்ப மருத்துவர் எங்கே?

வாப்பாவின் சர்க்கரையையும் பேரப்பிள்ளையின் இளைப்பையும் ஒருசேர அறிந்திருந்த தெருமுனை மருத்துவர்கள் அருகி வருகின்றனர். இதில் நமக்கும் பங்குண்டு. ‘வெறும் எம்.பி.பி.எஸ். தானா?’ என்று அவர்களைக் கடந்து சென்றவர்கள் நாமே. இன்று இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என அலைகிறோம். எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் எவருமில்லை.

இந்த இழப்பு ரமலானில் தெளிவாகத் தெரிகிறது. சர்க்கரை நோயுள்ள பெரியவர் நோன்பு நோற்கலாமா, ஸஹரில் எந்த மருந்தைக் குறைப்பது, இஃப்தாருக்கு எதை மாற்றுவது என்பதை 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கலந்து முடிவுசெய்ய வேண்டும். பகலில் இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் நோன்பை முறித்துவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்தே இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் பலர் யாரையும் கேளாமல் தாமே மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். கேட்பதற்கு, அவர்களை அறிந்த மருத்துவர் இல்லை.

ஆகவே, அருகிலுள்ள பொது மருத்துவர் ஒருவரை நம் குடும்பத்துக்கென அமைத்துக்கொள்வோம். எல்லா மருந்துச் சீட்டுகளையும் ஒரே கோப்பில் சேர்த்து, ரஜப் மாதத்திலேயே அவர்முன் வைப்போம். அவசர நிலை தவிர, சிறப்பு மருத்துவரை நாடுவது அவருடைய ஆலோசனைக்குப் பின்னரே ஆகட்டும். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை முழுமையாய் அறிந்த ஒருவரேனும் நமக்கு வேண்டும்.