கான்டஸாவுக்கு வயசு கேட்காதீங்க!

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகிற ரோட்டில் திருமுருகன்பூண்டியைத் தாண்டியிருப்பீர்கள். காதில் உளிச் சத்தம் விழுந்திருக்கும். பட்டறை வாசலில் தும்பிக்கை முடிந்து தொந்தி முடியாத பிள்ளையார் ஒருவராவது உங்களைப் பார்த்திருப்பார்.

அந்த ஊருக்கு ஒரு பழைய கதை உண்டு. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடு வந்த சுந்தரரை, இங்கேதான் வேடர்கள் மறித்து மொத்தத்தையும் பறித்துக்கொண்டார்கள். அனுப்பியவர் வேறு யாருமல்ல, சாட்சாத் சிவபெருமான்! வேடர் வேஷத்தில் வந்தவை பூதகணங்கள். சுந்தரர் 'சரி, மேலிடத்து முடிவு' என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விடவில்லை. கோயிலுக்குள் போய் நின்று உரிமையோடு சண்டை போட்டுப் பாடினார். பறிபோனது அத்தனையும் திரும்பி வந்தது.

இப்போது அதே ஊரில் இன்னொரு வழிப்பறி. இந்தத் தடவை ரசீது கொடுக்கிறார்கள்.

பூண்டியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருத்தர். எழுபது தாண்டிவிட்டது. பன்னிரண்டு பவர் டேபிள் போட்டு பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்தவர். கையில் முதல்முறை காசு சேர்ந்தபோது வாங்கியது ஒரு வெள்ளைக் கான்டஸா. 1998 மாடல். மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைத்த வண்டி அது. ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வலி கண்டபோது கோயமுத்தூருக்குப் பறந்ததும் அதுதான். இன்றைக்கும் சாவி திருகினால் ஒரே உறுமலில் கிளம்புகிறது. மாதத்துக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடினால் அதிகம்.

அமெரிக்காக்காரர்களுக்கு 'மசில் கார்' என்றால் கண் கலங்கும். 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ., அதே வருஷம் வந்த ஃபோர்டு மஸ்டாங் என்று பேர் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். நம் ஊரில் அந்தப் பட்டத்தைக் கொடுத்தது கான்டஸாவுக்கு. இங்கிலாந்து வாக்ஸ்ஹால் காரின் உடம்பை வாங்கி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் இறக்கிய வண்டி. ஆரம்பத்தில் உள்ளே இருந்தது என்னவோ அம்பாசடர் குடும்பத்து 1,489 சி.சி. இன்ஜின்தான். உடம்பு பயில்வான், நெஞ்சு சவலை! பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜின் வந்துதான் வண்டிக்கு உயிர் வந்தது. 2002-ல் உற்பத்தியே நின்றுபோனது. அதற்குப் பிறகும் இந்த வண்டிகள் ஓடுகின்றன என்றால் கம்பெனி காரணமில்லை. உக்கடத்திலும் புதுப்பேட்டையிலும் பழைய இரும்புக்குள் கையை விட்டுத் துழாவி, ஒரு கார்புரேட்டரைக் கண்டுபிடித்துக் குழந்தையைப்போல் தூக்கிவரும் மெக்கானிக்குகள்தான் காரணம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சொந்தக் காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்தால், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நியாயம்தான். பெரியவர் 2018-ல் போனபோது மத்திய அரசு வைத்திருந்த கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். 2023-ல் அதையும் கட்டினார். 2025 ஆகஸ்ட்டில் இன்னொரு விதி. இருபது வருஷம் தாண்டிய கார் என்றால் 10,000. அடுத்து 2028-ல் அவர் அதைத்தான் கட்ட வேண்டும். பசுமை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் தனி.

நான் பி.காம். படித்தவன். தேய்மானக் கணக்கு அங்கே தலைகீழ்ப் பாடம். வருமான வரிக் கணக்கில் காருக்கு வருஷம் 15 சதவிகிதம், மீதி இருக்கிற மதிப்பில் கழிப்பார்கள். நாலு லட்சத்துக்கு வாங்கிய கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதாவது வருஷ முடிவில் ஏட்டில் நிற்கும் மதிப்பு மூவாயிரத்துச் சொச்சம். அந்த வண்டியை வைத்துக்கொள்ள ஒரு தடவைக்குப் பத்தாயிரம்! பொருளைவிட மூன்று மடங்கு பெரிய கட்டணத்துக்குக் கட்டணம் என்று பெயரில்லை. 'தொலைத்துவிடு' என்று அர்த்தம்.

'பழைய வண்டி புகை கக்குமே சார்?' என்பீர்கள். கக்கும். மறுக்கவில்லை. பாரத் ஸ்டேஜ் விதிகள் வருவதற்கு முன்பே பிறந்த வண்டி அது. கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்தால் புது வண்டிதான் சுத்தம். அப்படியானால் அளக்க வேண்டியது எதை? புகையையா, பிறந்த தேதியையா?

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நொய்யலில் சாயம் ஓடிய வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, ஞாபகம் இருக்கிறதா? ஊரே ஸ்தம்பித்தது. அப்போது 'உன் பட்டறைக்கு எத்தனை வயசு?' என்று யாரும் கேட்கவில்லை. 'குழாய் வழியாக என்ன வெளியே வருகிறது?' என்றுதான் கேட்டார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்து ஒரு சொட்டு வெளியே விடாதவனுக்குத்தான் திறக்க வழி கிடைத்தது. கசப்பான மருந்து. ஆனால், சரியான கேள்வி. அதே கேள்வியைக் காரிடமும் கேட்டுவிட்டுப் போங்களேன்! சோதனையில் தோற்றால் உடைக்கட்டும். நானே பெரியவரிடம் போய்ச் சொல்கிறேன். ஜெயித்துவிட்டால் அப்புறம் எதற்கு அபராதம்?

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். 2021-ல் 'வின்டேஜ்' வண்டிகளுக்குத் தனி விதி போட்டார்கள். ஐம்பது வருஷம் தாண்டி, அசல் மாறாமல் இருந்தால் 'வி.ஏ.' என்று தனி நம்பர். புதிதாகப் பதிய இருபதாயிரம். பத்து வருஷத்துக்குக் கவலையில்லை. கண்காட்சிக்கும் ராலிக்கும் ஓட்டலாம், தினப்படி ஓட்டக்கூடாது. நல்ல விதிதான், பங்களாவில் ஷெட் வைத்திருப்பவர்களுக்கு! ஜெர்மனியில் முப்பது வருஷம் ஆன, நன்றாகப் பராமரித்த காருக்குத் தனி அடையாளம் கொடுத்து, ரோட்டில் தாராளமாக ஓட்டு என்கிறார்கள். இங்கிலாந்தில் நாற்பது வருஷம் ஆனால் வாகன வரியே கிடையாது. இங்கே இருபதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வண்டி அனாதை. பங்களாவில் நின்றால் பாரம்பரியம், வாசலில் நின்றால் பழைய இரும்பு. ஐம்பதைத் தொட விட்டால்தானே வின்டேஜ் ஆக முடியும்?

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பாவின் பத்மினியையோ அம்பாசடரையோ வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தவணையில் புதுக் கார் மாற்றுகிறவர் நீங்கள். 2023 அக்டோபரில் மும்பையின் பத்மினி டாக்ஸிகள் விடைபெற்றபோது போட்டோவை நாலு பேருக்கு அனுப்பி 'அதெல்லாம் ஒரு காலம்' என்று உருகியதும் நீங்கள்தான். உருகுவதற்குச் செலவில்லை. கேட்பதற்குத்தான் கொஞ்சம் தைரியம் வேண்டும்.

போன மாதம் பெரியவரைப் பார்த்தேன். மகன் வண்டியைக் கொடுத்துவிடச் சொல்கிறானாம். பானெட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங் தம்பி, எனக்குந்தான் எழுபது தாண்டிருச்சு. முட்டி வலிக்குது, மூச்சு வாங்குது. அதுக்காவ ரேஷன் கார்டுக்கு எனக்கு மட்டும் ரெண்டு பங்கு பணம் கேட்பாங்களாக்கும்?"

சிரித்துவிட்டு வந்தேன். வழியில் கோயில் கோபுரம் தெரிந்தது. சுந்தரருக்குப் பொன் திரும்பக் கிடைத்தது அவர் நல்லவர் என்பதால் மட்டும் இல்லை. பறித்தவன் யார் என்று தெரிந்தும் அவன் வாசலிலேயே போய் நின்று கேட்டார், அதனால்தான். நாமும் கேட்போம். புகையைப் பாருங்கள், பிரேக்கைப் பாருங்கள். பிறந்த தேதியைப் பார்க்காதீர்கள்!