முறைத் தண்ணீரும் தனி விமானமும்

"பணம் உள்ளவன் செலவழிக்கிறான், உமக்கு ஏன் ஐயா வயிறு எரிகிறது?"

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் சிலராவது இப்படிக் கேட்பார்கள். ஆகவே பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறேன். ஒருவர் தம் பணத்தில் வைர அட்டிகை வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏழு அடுக்கு மாளிகை கட்டினால் கிரகப் பிரவேசத்துக்குப் போய்ச் சாப்பிட்டு விட்டும் வருவேன். ஆனால் ஊர்ப் பொதுக் கிணற்றில் அவர் தம் சொந்த மோட்டாரை இறக்கினால் கேட்காமல் இருக்க முடியாது. மோட்டார் அவருடையதுதான். தண்ணீர் அவருடையதா?

இனி விஷயத்துக்கு வருவோம். பல்லடத்துக்குப் பக்கத்தில் நூல் மில் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வடதுருவப் பக்கம் போய் வர ஆசைப்படுகிறார். நார்வே தேசத்துக்கும் வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகள் அவர் குறி. டிக்கெட் வாங்கிக் கொண்டு பத்துப் பேரோடு பதினோராவது ஆளாகப் போக மனமில்லை. எட்டுப் பேர் உட்காரும் ஜெட் விமானம் ஒன்றை முழுசாக வாடகைக்குப் பிடித்துப் போக வேண்டுமாம். அதற்கென்று அச்சடித்த வழுவழுப்பான விளம்பரப் புத்தகத்தையும் என்னிடம் காட்டினார்.

"ஏனுங்க, நாப்பது வருசம் பஞ்சுத் தூசியைத் தின்னு சம்பாரிச்ச காசுங்க. அந்தப் பனி உருகிப் போறதுக்கு முந்தி ஒருக்கா பாத்துப்போட்டு வந்துரலாம்னு நெனைக்கறனுங்க. அதுல உங்களுக்கென்னுங்க சங்கடம்?" என்றார்.

நல்ல மனிதர். உழைத்து முன்னுக்கு வந்தவர். அவருடைய ஆசையை நான் பரிகாசம் செய்யவில்லை. ஆனால் அவர் போக நினைக்கும் விதத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லாவிட்டால் நான் சிநேகிதனும் அல்ல, எழுத்தாளனும் அல்ல.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கொங்கு நாட்டுக்காரர்களிடம் கணக்குச் சொன்னால்தான் காது கொடுப்பார்கள். கோயமுத்தூரிலிருந்து ஸ்வால்பார்டின் முக்கிய ஊரான லாங்யியர்பியனுக்கு நேர்கோட்டில் பறந்தாலும் 8,000 கிலோமீட்டருக்கு மேல். சுமார் 10 மணி நேரப் பறப்பு. அத்தனை தூரம் போகக்கூடிய பெரிய ஜெட் மணிக்கு 1,000 லிட்டருக்குக் குறையாமல் எண்ணெய் குடிக்கும். போக வர 20,000 லிட்டர். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ கரியமில வாயு. ஆக 50 டன். இந்தியாவில் ஓர் ஆள் ஒரு வருஷம் முழுவதும் வாழ்வதற்குச் சராசரியாக ஆகும் கரியமில வாயு சுமார் 2 டன். இருபத்தைந்து பேருடைய ஒரு வருஷத்து வாழ்க்கையை எட்டுப் பேர் ஒரு பிரயாணத்தில் ஆகாயத்தில் ஊதி விட்டு வருகிறார்கள். இவர்களை இறக்கி விட்டு விமானம் காலியாகத் திரும்பி, பிறகு காலியாகவே அழைத்துப் போக வருமானால் அந்த எண்ணெயையும் கூட்டிக் கொள்ளுங்கள்.

இப்படிப் போய்ப் பார்க்கப் போவது எதை? பூமி முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிட்ட சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் ஆர்க்டிக் பிரதேசம் 1979 முதல் சூடேறி வருகிறது என்று 2022-ல் ஃபின்லாந்து விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். 2020 ஜூலையில் லாங்யியர்பியனில் வெப்பம் 21.7 டிகிரியைத் தொட்டது. அந்த ஊருக்கு அது சரித்திரத்தில் இல்லாத சூடு. "உருகுவதற்கு முன் பார்த்து விடலாம்" என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால், சாகக் கிடக்கும் பெரியவரைப் பார்க்கப் போய், அவருக்கென்று ஆற்றி வைத்த கஞ்சியைக் குடித்து விட்டு வருகிற உறவினர்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

வேறு வழியே இல்லையென்றாலும் ஒரு மாதிரி. ஆஸ்லோவிலிருந்தும் ட்ரொம்ஸோவிலிருந்தும் லாங்யியர்பியனுக்குச் சாதாரணப் பயணிகள் விமானம் போகிறது. அங்கே 1975 முதல் நல்ல விமான நிலையம் இருக்கிறது. ஆகவே தனி ஜெட் கம்பெனி விற்பது ஊர் போய்ச் சேரும் வசதியை அல்ல. வரிசையில் நிற்க வேண்டாம், பிறருக்காகக் காத்திருக்க வேண்டாம், பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத மனிதர் இருக்க மாட்டார் என்கிற விதி விலக்கைத்தான் அது விற்கிறது.

விதி விலக்கை விலைக்கு வாங்கும் இந்த மனோபாவம் நமக்குப் புதியதல்ல. 2021 மே மாதம் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, தமிழ்நாட்டில் கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றிருந்தது. மே 23-ஆம் தேதி மதுரையில் ஒரு விமானத்தை வாடகைக்கு அமர்த்தி, நூறு பேருக்கும் மேலான உற்றார் உறவினரை ஏற்றிக்கொண்டு, ஆகாயத்திலேயே தாலி கட்டினார்கள். விமானப் போக்குவரத்து அதிகாரிகள் விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். தரையில் உள்ள சட்டம் மேகத்துக்கு மேலே செல்லாது என்று யாரோ நினைத்து விட்டார்கள்!

ஆனால் இந்த மனோபாவத்தைக் கொண்டு போவதற்கு ஸ்வால்பார்டைப் போலப் பொருத்தமில்லாத இடம் பூமியில் வேறு கிடைக்காது. 1920-ல் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அந்தத் தீவுகளின் ஆட்சி நார்வேக்கு. ஆனால் அங்கே தொழில் செய்யவும் தங்கவும் கையெழுத்திட்ட எல்லா நாட்டாருக்கும் சமமான உரிமை. அப்போது வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தாலும், கையெழுத்திட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2008 ஜூலை 1-ஆம் தேதி அங்கே நி-ஆலெசுண்ட் என்ற சிற்றூரில் 'ஹிமாத்ரி' என்ற நமது ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. 2014-ல் அருகேயுள்ள கடலில் இறக்கப்பட்ட 'இண்டார்க்' என்ற அளவுக் கருவித் தொகுதியை உருவாக்கியதில் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. வடதுருவப் பனிக்கும் நமது பருவ மழைக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டுபிடிப்பது நம் விஞ்ஞானிகள் அங்கே செய்யும் வேலைகளில் ஒன்று.

அவர்களும் லாங்யியர்பியனிலிருந்து நி-ஆலெசுண்டுக்குச் சிறு விமானத்தில்தான் போகிறார்கள். பல தேசத்தாரோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து போகிறார்கள். நுட்பமான கருவிகளுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதற்காக ஊரை நெருங்கும்போதே கைப்பேசிகளின் அலைவரிசையை அணைத்து விட வேண்டும். பணக்காரருக்கும் இதே விதிதான்.

அதே தீவில் மலையைக் குடைந்து 2008-ல் ஒரு விதைக் களஞ்சியம் கட்டினார்கள். உலகத்து நாடுகள் தத்தம் பயிர் விதைகளைப் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் அங்கே சேமித்து வைக்கின்றன. ஹைதராபாத் அருகே பட்டாஞ்சேருவில் உள்ள சர்வதேச ஆராய்ச்சி நிலையம் பல்லாயிரம் விதை மாதிரிகளை அனுப்பியிருக்கிறது. என்ன விதைகள் தெரியுமா? சோளம், கம்பு, துவரை, கடலை. நம் பாட்டன்மார் பல்லடத்து மானாவாரிக் காட்டில் விதைத்த பயிர்களின் வம்சம்! சிரியாவில் யுத்தம் வந்து அலெப்போவின் விதைக் களஞ்சியத்தைப் பயன்படுத்த முடியாமல் போனபோது, 2015-ல் அங்கிருந்துதான் விதையைத் திரும்ப எடுத்தார்கள். அப்படிப்பட்ட களஞ்சியத்தின் நுழைவுச் சுரங்கத்துக்குள் 2016-ல் தண்ணீர் புகுந்தது. விதைகளுக்குச் சேதமில்லை, ஆனாலும் நார்வே சர்க்கார் பெரும் பொருள் செலவிட்டுச் சுரங்கத்தைச் செப்பனிட்டது. ஆகவே என் நண்பரிடம் நான் சொல்லக்கூடியது இதுதான்: நீங்கள் பார்க்கப் போகும் அந்தப் பனி யாரோ ஒருவருடைய பனியல்ல. உங்கள் பாட்டனார் வீட்டு விதைக் குதிருக்குக் காவல் நிற்கும் பனி.

ஆபத்து வந்தாலும் அங்கே 'தனி' என்பது கிடையாது. 1928 மே மாதம் இத்தாலியரான நோபிலே ஓட்டிச் சென்ற 'இத்தாலியா' என்ற ஆகாயக் கப்பல் பனியில் விழுந்து நொறுங்கியது. அவரைத் தேடி விமானத்தில் கிளம்பினார் அமுண்ட்சென். தென்துருவத்தை முதலில் எட்டிய அதே மனிதர். நோபிலேக்கும் அவருக்கும் கடுமையான மனஸ்தாபம். இருந்தும் கிளம்பினார், திரும்பி வரவில்லை. நோபிலேயை ஒரு ஸ்வீடன் விமானி காப்பாற்றினார். மற்றவர்களை ரஷ்யக் கப்பல் மீட்டது. 2023 செப்டம்பரில் கிரீன்லாந்தில் 206 பேருடன் தரை தட்டிய சொகுசுக் கப்பலை இழுத்து விட்டது, மீன்வள ஆராய்ச்சிக்கென்று இருந்த ஒரு கப்பல். தனியாகப் போகிறவனைத் தேடுவதற்கு எப்போதும் பொதுஜனம்தான் போக வேண்டியிருக்கிறது.

பல்லடத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பரம்பிக்குளம்-ஆழியாறு வாய்க்கால் பாசனத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். தம் முறை வரும் வரை ஒருவர் வாடும் பயிரைப் பார்த்துக் கொண்டு பொறுத்திருக்கிறார். அடுத்தவன் முறையில் ராத்திரியோடு ராத்திரியாக வாய்க்காலில் குழாய் போட்டு இழுக்கிறவனுக்கு நம் ஊரில் என்ன பெயர்? 'வசதியுள்ளவர்' என்றா சொல்கிறோம்? தண்ணீர்த் திருடன் என்கிறோம். ஆயிரம் அடிக்கு ஆழ்குழாய்க் கிணறு போட்டும் புழுதி பறக்கும் பூமியில் பிறந்தவர்களுக்கு இந்த நியாயம் ரத்தத்தில் ஊறியது. ஆகாயமும் வாய்க்கால்தான். அதிலும் முறை உண்டு. தனி ஜெட் என்பது அந்த வாய்க்காலில் போட்ட குழாய்.

"நான் ஒருத்தன் போகாட்டி உருகறது நின்னு போயிருங்களா?" என்பார் நண்பர். குழாய் போட்டவனும் இதையேதான் சொல்கிறான். "அதற்கு ஈடாக மரம் நட்டு விடுகிறோம்" என்று விளம்பரப் புத்தகம் சொல்கிறது. எண்ணெய் பத்து மணி நேரத்தில் எரிந்து விடும். மரம் வளர எத்தனை வருஷம்? அதற்குத் தண்ணீர் யார் முறையிலிருந்து?

2023-ல் உலகத்துத் தனி விமானங்கள் வெளியிட்ட கரியமில வாயு 1 கோடியே 56 லட்சம் டன். 2019-ஐ விட 46 சதவிகிதம் அதிகம் என்று ஓர் ஆராய்ச்சி தெரிவிக்கிறது. 2025 ஜூன் மாதம் ஸ்பெயினின் செவில் நகரில் பிரான்ஸ், கென்யா, ஸ்பெயின், பார்படோஸ் முதலிய சில தேசங்கள், தனி விமானங்களுக்கும் உயர் வகுப்புப் பிரயாணத்துக்கும் வரி போடுவதற்காகக் கூட்டுச் சேர்ந்தன. நம் நாடும் அதில் சேர வேண்டும் என்பது என் கட்சி. வாய்க்கால் தண்ணீரைத் திருடினால் மோட்டாரைப் பறிமுதல் செய்கிறோம். ஆகாயத்துக்கு அபராதமாவது இருக்க வேண்டாமா?

என் நண்பர் வடதுருவம் போகட்டும். ஆஸ்லோ வரை ஒரு டிக்கெட், அப்புறம் ஒரு டிக்கெட். நடுவில் ஒரு ராத்திரி காத்திருக்க நேர்ந்தால் காத்திருக்கட்டும். பக்கத்து நாற்காலியில் யாராவது ஒரு மீன்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ உட்கார்ந்திருந்தால் ஊர்ப் பேச்சுப் பேசிக் கொண்டே போகட்டும். பனியைப் பார்த்து விட்டு வந்து நமக்கும் சொல்லட்டும். முறையில் வந்த தண்ணீரைத்தான் தலை நிமிர்ந்து பாய்ச்ச முடியும்.