கையும் நம்பிக்கையும்

வலியோன் மெலியோனைத் தன்வசப்படுத்துதல் எளிது. அவனுடைய நம்பிக்கையைப் பெறுதலோ அரிது. இவ்வுண்மையை உணரப் பேரரசுகளின் சரித்திரத்தைப் புரட்ட வேண்டுவதில்லை. வீட்டில் கினிப்பன்றி வளர்த்துப் பார்ப்பதே போதும்.

கினிப்பன்றி என்னும் பெயரைத் தாங்கினும் இது பன்றியுமன்று; கினி நாட்டில் தோன்றியதுமன்று. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைவாணர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உணவின்பொருட்டு வளர்த்துவந்த கொறிக்கும் பிராணி இது. 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்து, அங்கே செல்லப்பிராணியாயிற்று. கல்லூரியிற் பயில்வோரோ இதனைப் பெரும்பாலும் விஞ்ஞான நூல்களின் வாயிலாகவே அறிவர். 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியை மெய்ப்பிக்கவும், 1907-இல் ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் என்னும் நார்வே அறிஞர் இருவர் ஸ்கர்வி நோயை ஆராயவும் இச்சிற்றுயிர் பயன்பட்டது. இத்துணை உதவிய பிராணியின் உள்ளத்தை நாம் எவ்வளவு அறிந்துள்ளோம்?

"தினந்தோறும் பிடித்துத் தூக்குக, நாளடைவில் தானே பழகிவிடும்" என்பார் பலர். இக்கொள்கை எமக்கு உடன்பாடன்று. கினிப்பன்றி பிற விலங்குகளுக்கு இரையாகும் இயல்புடையது. ஓடி ஒளிதலும், அசையாது உறைந்து நிற்றலுமே அதன் காப்பு. மேலிருந்து இறங்கும் கை, அன்புடையார் கையேயாயினும், அதற்குப் பருந்தின் நகம்போலவே தோன்றும். பிடிபட்டபின் அது மடியில் அசைவற்றிருப்பதைக் கண்டு, "எவ்வளவு சாது!" என மகிழ்கின்றோம். அவ்வசைவின்மை பல வேளைகளில் அச்சத்தின் உறைவேயன்றி அன்பின் அமைதியன்று. மெலியோரின் மௌனத்தைச் சம்மதமெனக் கொள்ளும் பிழை மனிதர்க்குப் புதிதன்றே!

ஆயின் செய்யத்தக்கது யாது? முதற்கண் காத்திருத்தல். புதிதாய் வந்த பிராணியைச் சில நாள் தொடாது விட்டு, ஒளிந்துகொள்ள மறைவிடமும் வேண்டுமளவு உலர்புல்லும் அளித்தல் வேண்டும். தனிமை இதற்குத் துன்பமாதலின் தன்னினத் துணையும் வேண்டும். சுவிட்சர்லாந்து தேசத்தில் 2008-ஆம் ஆண்டு விதிகள் இதனைத் தனியே வளர்த்தலைத் தடைசெய்தன. பின்னர்க் கூண்டருகே தரையில் அமர்ந்து, மெல்லிய குரலில் பேசி, குடைமிளகாய்த் துண்டொன்றைக் கையில் ஏந்தியிருப்பின், அது தானே வந்து உண்ணும் நாள் வரும். மனிதரைப்போலவே இதுவும் சி உயிர்ச்சத்தைத் தன்னுடலில் ஆக்கிக்கொள்ள இயலாதது. ஆதலின் அத்துண்டு லஞ்சமன்று, தேவையான உணவே.

தூக்குங்கால், ஒரு கையை மார்பின் கீழும், மற்றொன்றைப் பின்னங்கால்களின் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்தல் வேண்டும். சிறிது உயரத்தினின்று வீழினும் இதன் எலும்பு முறியக்கூடும். ஆதலின் சிறுவர் தரையில் அமர்ந்தே, பெரியோர் உடனிருக்க, இதனை ஏந்துக. அது பற்களை நறநறவெனக் கடிப்பினும், தலையை உதறி விலகினும், மெல்ல இறக்கிவிடுக. "வேண்டா" என்னும் அதன் குறிப்பிற்கு நாம் இணங்குந்தோறும் நம் கை அதற்கு நம்பத்தக்கதாகின்றது.

"நகம் வெட்டவும், எடை பார்க்கவும், நோய் தீர்க்கவும் அது விரும்பாதபோதும் தூக்கத்தானே வேண்டும்?" எனச் சிலர் வினவலாம். மெய்யே. அவ்வேளைகளில் செலவிடுதற்கென்றே ஏனைய வேளைகளில் நம்பிக்கையைச் சேர்த்துவைத்தல் வேண்டும் என்கின்றோம். சேமியாதவன் எதனைச் செலவிடுவான்?

உயிரினங்களை ஆளும் அதிகாரம் மனிதனுக்கு அளிக்கப்பட்டதென வேதம் கூறும். ஆளுதலாவது பற்றிப் பிடித்தலன்று, பேணுதலே. நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் அதிகாரிகளாகவும் பிறர் வாழ்வைத் தம் கையில் ஏந்தவிருக்கும் மாணவர், கை நீட்டுமுன் காத்திருக்கக் கற்பாராக. அப்பாடத்தைக் கற்பிக்க, ஒரு படி அரிசியின் கனமுமில்லாத இச்சிற்றுயிர் தகுந்த ஆசானாகும்.