கபிலர் குன்றை யார் வரைவது?

தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் சென்னையிலிருந்து புறப்பட்டுக் கன்னியாகுமரி வரை சென்றனர். வழிநெடுகக் கோயில்களையும் குன்றுகளையும் வரைந்தனர். அவ்வகையில் உருவான தஞ்சைப் பெரிய கோயிலின் அச்சுப்படம் 1798இல் லண்டனில் வெளிவந்தது.

அந்நியப் பார்வை என்று இவற்றை ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. அதே காலத்தில் இளைஞர் டர்னர் நீர்வண்ணத்தில் தீட்டிய டின்டர்ன் மடாலயம் 1536இல் மூடப்பட்டு இடிந்து கிடந்த ஒன்று. பாழில் அழகு காணப் பழகிய ரசனை, பூசை நடக்கும் கோயிலையும் ஏறக்குறைய அவ்வாறே நோக்கியது. அதன் கல்வெட்டுகள் அவர்களுக்கு வெறும் கோடுகள். ஆயினும் கல்லின்மீது வெயில் விழும் விதத்தைப் பொறுமையுடன் பார்த்தார்கள்.

படிக்கத் தெரிந்த நாம் பார்க்கிறோமா? கள்ளக்குறிச்சி மாவட்டத் திருக்கோவிலூரில், பெண்ணையாற்றில் கபிலர் குன்று நிற்கிறது. பாரி மகளை மலையனுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்ததாக அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலின் முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு கூறுகிறது. அவர் வடக்கிருந்தார் என்பது புறநானூற்றுக் குறிப்பு. இம்முரணை வகுப்பில் விளக்குகிறோம். தேர்வில் வினாவாகவும் கேட்கிறோம். குன்றின் வடிவத்தைக் கேட்டால் மாணவரும் விழிப்பர், ஆசிரியரும் விழிப்போம்.

குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கிய புலவருக்கு நாம் செய்யும் மரியாதை இதுதானா? தமிழ் இலக்கிய மாணவர்கள் ஒரு காலைப் பொழுதேனும் ஆற்றங்கரையில் அமர்ந்து அக்குன்றை வரைய வேண்டும் என்பேன். படம் நன்றாக அமைய வேண்டியதில்லை. கண்ணெடுக்காமல் ஒரு மணி நேரம் பார்த்தால் போதும். முதற்பொருள், கருப்பொருள் என்று நாம் நடத்தும் பாடம் அதன் பிறகு விளங்கத் தொடங்கும்.